யாருக்குக் கை தட்டுகிறாய்?



கல்முனைப் பக்கமிருந்து அம்பாறைக்குப் போகும் வீதியில் காரைதீவைக் கடந்ததும் இருபுறமும் வயல்வெளி விரிகிறது. அந்த வயல்களின் நடுவே அமைந்த சிற்றூர் மாவடிப்பள்ளி. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். கிழக்கே சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு, மேற்கே சம்மாந்துறை. பெரும்போக அறுவடை முடிந்து, சூடடித்து, வைக்கோலும் அள்ளப்பட்ட பின்பு அங்கே பிள்ளைகள் காய்ந்த வயலில் மூன்று தடிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடத் தொடங்கி விடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அவ்வூர் வீதியோரத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் இலங்கையும் பாகிஸ்தானும் ஆடிக்கொண்டிருந்தன. என்னோடு வந்த இளைஞர் நம்மவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் நல்ல பிள்ளை. தேநீர் கொண்டு வந்த பையனைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:

“நீங்க பாகிஸ்தான் பக்கம்தானே தம்பி?”

பையன் கோப்பையை வைத்தான். அவனும் சிரித்தான்.

“இந்தியாவும் இலங்கையும் ஆடக்குள்ள நீங்க எந்தப் பக்கம் அண்ணன்?”

நம் இளைஞருக்குப் பதில் வரவில்லை. அவர் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியும். அவருடைய வீட்டில் இந்திய அணி வென்ற இரவுகளில் வெடி கொளுத்திய கதையையும் அவரே சொல்லியிருக்கிறார்.

அப்போது கடைக்காரர், எவரையும் குறை சொல்லாத குரலில் ஒரு சொல் சொன்னார்: “இந்தக் கேள்விய எங்கட வாப்பாக்கிட்டயும் கேட்டாங்க சேர். என்னட்டயும் கேட்டாங்க. இப்ப என்ட மகனட்டயும் கேக்காங்க. என்ன செய்யிற, பதில் சொல்லிச் சொல்லியே மூணு தலமுற போயிட்டு.”

அந்தச் சொல் என்னோடு வீடு வரை வந்தது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிரிப்பில் மறைந்த கத்தி

விளையாட்டைப் பற்றிய ஒரு கேள்விக்கு இத்தனை பெரிய பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வி விளையாட்டைப் பற்றியதன்று. “நீ இந்த நாட்டுக்காரன்தானா?” என்பதே அதன் உட்பொருள். சிரித்துக்கொண்டு கேட்பதால் கத்தி கத்தியாக இல்லாமற் போய் விடுமா?

இந்தக் கேள்வி நம் நாட்டில் மட்டும் பிறந்ததன்று. 1990 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நோர்மன் தெபிற் என்னும் அரசியல்வாதி, ஆசிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்கு ஆதரவு தருகிறார்கள் என்று பார்த்தாலே அவர்களுடைய விசுவாசம் தெரிந்து விடும் என்ற கருத்தைச் சொன்னார். அன்று முதல் அந்தச் சோதனைக்கு அவருடைய பெயரே நிலைத்து விட்டது. இலண்டனில் அந்தச் சோதனைக்கு ஆளானவர்களுள் நம் தமிழரும் உண்டு. அங்கே அதை அநீதி என்று கொதிக்கிற நாம், இங்கே அதே கேள்வியைத் தேநீர்க் கடையில் ஒரு சிறுவனிடம் கேட்கிறோம்.

சிங்களச் சகோதரர் ஒருவர் நம்மைப் பார்த்து, “நீங்கள் இந்தியாவுக்குத்தானே கை தட்டுவீர்கள்?” என்று கேட்டால் நமக்கு நெஞ்சு எரிகிறது. அந்த எரிச்சல் ஆறுவதற்கு முன்பே அதே கொள்ளியை எடுத்து அடுத்த வீட்டுக் கூரையில் வைக்கிறோம். இது என்ன நியாயம்?

கடமையும் பாசமும்

இங்கே ஒரு வாசகர் எழுந்து நியாயமாகவே கேட்பார்: “நாட்டுப்பற்று ஒரு புண்ணியமல்லவா? கடவுளுக்கு அடுத்தபடியாக, பெற்றோருக்கும் பிறந்த நாட்டுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று புனித தோமா அக்குவினாசே போதிக்கவில்லையா?”

போதித்தார். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் நாட்டைப் பெற்றோருக்கு அருகே வைத்தார் என்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் விடையும் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளை பெற்றோருக்குக் கடன்பட்டிருக்கிறான். மதிப்புத் தர வேண்டும். முதுமையில் தாங்க வேண்டும். அவர்களுக்குத் தீங்கு நினைக்கலாகாது. இவற்றைக் கேட்டு வாங்கலாம். ஆனால் தகப்பனைக் கண்டதும் பிள்ளையின் முகம் மலர்கிறதே, அதைக் கேட்டு வாங்க முடியுமா? “என்னைக் கண்டதும் நீ ஏன் சிரிக்கவில்லை?” என்று பிரம்பை எடுக்கிற தகப்பன், அந்தச் சிரிப்பை என்றைக்குமே காணப் போவதில்லை.

நாட்டுக்கும் அப்படியே. வரி, சட்டத்துக்குப் பணிவு, பொதுநன்மைக்கு உழைப்பு, அயலானுக்குத் தீங்கு செய்யாமை ஆகிய இவை நாம் செலுத்தியே தீர வேண்டிய கடன்கள். இவற்றில் தவறுகிறவனை நாடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கைதட்டல் கடன் அன்று. அது தானாகப் பிறக்கும் மகிழ்ச்சி. தன்னையும் சேர்த்து எண்ணுகிற வீட்டில்தான் அது பிறக்கும். ஒரே பந்தியில் ஒருவனுக்கு முழு இலையும் மற்றவனுக்கு அரை இலையும் போட்டு விட்டு, “சமையலைப் புகழவில்லையே!” என்று கோபிப்பது மாற்றாந்தாய் மனமல்லவா?

கைதட்டலின் கதை

நம் நாட்டின் கதையையே பாருங்கள். 1948 மார்ச் மாதம் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் ஆடியது. அன்று அதை எதிர்கொண்ட இலங்கை அணியின் தலைவர் மகாதேவா சதாசிவம் என்னும் தமிழர். சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அன்று கொழும்பு மைதானத்தில் கை தட்டியவர்களிடம், நீ யார் என்று கேட்க எவருக்கும் தோன்றியிருக்குமா? ஆனால் அந்த ஆண்டு முடியும் முன்பே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்கள் ஆயினர். எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டில்தான் வந்தது.

1996 மார்ச் 17 ஆம் நாள் லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றது. தெற்கில் வீதியெங்கும் கொண்டாட்டம். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் யாழ்ப்பாணத்து மக்கள், கைக்குழந்தைகளோடும் கிழவர்களோடும், மழையில் ஊரையே விட்டு நடந்திருந்தார்கள். அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் கொழும்பில் மத்திய வங்கி மீது நடந்த குண்டுத் தாக்குதலில் ஏறக்குறைய தொண்ணூறு பேர், எந்தக் குற்றமும் அறியாதவர்கள், மாண்டிருந்தார்கள். அகதி முகாமில் இருந்த ஒரு தமிழ்த் தாய் அன்று கை தட்டவில்லை என்றால் அவளைத் துரோகி என்போமா? குண்டில் மகனை இழந்த சிங்களத் தாய் அன்று ஒரு கணம் மகிழ்ந்தாள் என்றால் அவளைக் குறை சொல்வோமா? வெவ்வேறு துயரங்களிலிருந்து ஒரே கைதட்டலை எதிர்பார்ப்பது மனிதத் தன்மை அன்று.

அந்தப் போட்டித் தொடரில் இன்னொன்றும் நடந்தது. அச்சத்தினால் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அப்போது இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்து ஆடினார்கள். அன்று ஒரு நாளாவது, “இந்தியாப் பக்கமா, பாகிஸ்தான் பக்கமா?” என்ற கேள்விக்கே இடமில்லாமற் போயிற்று.

நிற்க. அந்த உலகக் கிண்ண அணியில் பந்து வீசிய முத்தையா முரளிதரனின் கதை நம் கேள்விக்கே எழுதி வைத்த பாடம் போன்றது. கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். நம் கத்தோலிக்கக் கல்லூரியாகிய கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலில் அவருடைய குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அப்போது அவர் ஐந்து வயதுப் பிள்ளை. வளர்ந்து நாட்டுக்காக ஆடினார். 1995 இல் மெல்பேர்னிலும், 1999 இல் அடிலெயிட்டிலும் அவருடைய பந்துவீச்சு முறைகேடானது என்று நடுவர்கள் தீர்த்தபோது, அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவருக்காக மலைபோல் நின்றார். அடிலெயிட்டில் அணியையே மைதானத்தின் எல்லைவரை அழைத்துச் சென்றார். உள்நாட்டுப் போர் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு சிங்களத் தலைவர் ஒரு தமிழ் வீரருக்காக அப்படி நின்றதை நாம் மறக்கலாகாது. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் முரளிதரன் தமது 800 ஆவது விக்கெட்டை எடுத்தார். டெஸ்ட் போட்டிகளில் அந்த எண்ணிக்கையை அவருக்கு முன் எவரும் எட்டியதில்லை.

ஆயினும் இதே மனிதருக்கு வேறு பக்கத்திலிருந்தும் சோதனை வந்தது. 2013 ஆம் ஆண்டு சென்னையில் நடந்த ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் எவரும் ஆடக் கூடாது என்று தடை வந்தபோது, தமிழரான அவரும் அதற்குள் அடங்கினார். சென்னை அணிக்காகவே முன்பு ஆடியவர். சென்னையிலேயே பெண் எடுத்தவர். 2020 இல் அவருடைய வாழ்க்கைப் படத்தில் நடிக்க ஒப்புக்கொண்ட தமிழக நடிகர் எதிர்ப்பின் காரணமாக விலகினார். முரளிதரனின் அரசியற் பேச்சுகளை ஏற்காதவர்கள் நம்மில் பலர் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் பாருங்கள்: ஒரு கூட்டத்தார் அவரைத் தமிழர் என்று சொல்லி எரித்தார்கள்; மற்றொரு கூட்டத்தார் தமிழரே அல்லர் என்று சொல்லித் தள்ளினார்கள். இரு சாராரும் கையில் வைத்திருந்தது ஒரே அளவுகோல்தான்.

ஒரு தாயின் சட்டை

இது நம் தீவின் நோய் மட்டுமா? இல்லை. ஐரோப்பாவில் கொசோவோ என்னும் சிறு நாடு உண்டு. அங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அல்பேனியர். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சிறு தொகையினர் நம் கத்தோலிக்கர். போருக்குப் பின் 2008 ஆம் ஆண்டு அந்நாடு சேர்பியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தது. நூறுக்கு மேற்பட்ட நாடுகள் அதை அங்கீகரித்தன. இலங்கையும் இந்தியாவும் அங்கீகரிக்கவில்லை. 2016 மே மாதம் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் அந்நாட்டை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

புதிய நாட்டுக்குப் புதிய கொடி: நீலத் துணியில் நாட்டின் வரைபடம், மேலே ஆறு நட்சத்திரங்கள், அங்கு வாழும் ஆறு சமூகங்களுக்காக. நாட்டுப் பண்ணுக்குச் சொற்களே இல்லை. வெறும் இசை மட்டும். எவரும் மனம் நோகாதிருக்க வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். ஆனாலும் அந்த மக்களில் பலருடைய நெஞ்சு தலைமுறைகளாக அல்பேனியாவின் இருதலைக் கழுகுக் கொடிக்கே துடித்து வந்தது. அல்பேனிய அணிக்குக் கை தட்டியே வளர்ந்தவர்கள், இனிச் சொந்த நாட்டு அணிக்கு மட்டும் கை தட்ட வேண்டுமா? பழைய பாசம் பாவமா? இதுவே அவர்கள் முன் நின்ற கேள்வி.

அதே 2016 ஜூன் 11 ஆம் நாள் பிரான்சிலுள்ள லென்ஸ் நகரில் சுவிற்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதின. சுவிஸ் அணியில் கிரானிற் சாக்கா. அல்பேனிய அணியில் அவருடைய அண்ணன் தௌலான்ற் சாக்கா. கொசோவோவிலிருந்து வந்து சுவிற்சர்லாந்தில் குடியேறிய குடும்பம் அது. ஒரு வயிற்றில் பிறந்த இருவர் எதிரெதிரே நின்றார்கள். பார்வையாளர் வரிசையில் அவர்களுடைய தாய் அமர்ந்திருந்தார். அவர் அணிந்திருந்த சட்டையில் ஒரு பாதி சுவிஸ் கொடி, மறு பாதி அல்பேனியக் கொடி.

அந்தத் தாயிடம் போய், “நீ யார் பக்கம்?” என்று கேட்கத் துணிபவர் யார்? சுவிஸ் அணி அன்று ஒரு கோலால் வென்றது. தாய் தோற்றாரா, வென்றாரா என்று எந்த நடுவர் தீர்ப்புச் சொல்வார்? இரண்டு பாசங்கள் ஒரு நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதைத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்ததற்காக முதற்பிள்ளை மேல் உள்ள பாசத்தைப் பாதியாக்கிய தாய் உண்டா?

கல்கத்தாவின் புனித தெரேசாவும் அல்பேனியரே. ஸ்கோப்ஜே நகரில் 1910 இல் பிறந்தார். தாம் இரத்தத்தால் அல்பேனியர், குடியுரிமையால் இந்தியர், விசுவாசத்தால் கத்தோலிக்கத் துறவி என்று கூச்சமின்றிச் சொல்லி வந்தார். ஒன்றைச் சொல்வதற்காக மற்றொன்றை மறைக்கவில்லை. அவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது 2016 செப்டம்பர் 4; கொசோவோ அணி தன் முதலாவது உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியில் பின்லாந்தை எதிர்த்து ஆடியது அடுத்த நாளே. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பிரிஸ்டினாத் தலைநகரில் இன்று ஒரு பெரு வீதிக்கும் கத்தோலிக்கப் பேராலயத்துக்கும் அவர் பெயரே வழங்குகிறது. மதம் வேறாயினும் அவரைத் தம்மவர் என்றே அம்மக்கள் எண்ணுகிறார்கள்.

ஆனால் அங்கும் எல்லாம் இனிமையாக இல்லை. 2014 அக்டோபரில் பெல்கிறேட் நகரில் சேர்பியாவும் அல்பேனியாவும் ஆடியபோது, அகன்ற அல்பேனியாவின் வரைபடம் பொறித்த கொடியொன்று மைதானத்தின் மேலே பறக்க விடப்பட்டது. கைகலப்பு மூண்டது, ஆட்டம் நின்றது. 2018 உலகக் கிண்ணத்தில் சுவிஸ் அணி சேர்பியாவை வென்றபோது, கோல் போட்ட கிரானிற் சாக்காவும் ஷெர்டான் ஷாக்கீரியும் விரல்களைக் கோத்துக் கழுகுச் சைகை காட்டினார்கள். இருவருக்கும் தலா 10,000 சுவிஸ் பிராங் அபராதம். அவர்களுடைய உள்ளத்துக் காயம் உண்மையானது. சாக்காவின் தந்தை பழைய யூகோஸ்லாவியாவில் அரசியற் கைதியாகச் சிறையில் இருந்தவர். ஆனால் அந்தச் சைகை மகிழ்ச்சியால் மட்டும் எழுந்ததா, எதிரே நின்றவனைக் குத்துவதற்கும் எழுந்ததா என்பதை அவர்களுடைய மனச்சாட்சியே அறியும்.

ஆகவே கைதட்டலுக்கும் ஓர் அறம் உண்டு. யாருக்குக் கை தட்டுகிறோம் என்பது நம் சுதந்திரம். எதற்காகக் கை தட்டுகிறோம் என்பதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும். நம் அணியின் வெற்றியில் மகிழ்ந்தால் அது விளையாட்டு. அடுத்த வீட்டான் கேட்டு நோக வேண்டும் என்று வெடி கொளுத்தினால் அது விளையாட்டன்று, அது கல்லெறி.

நம் கையிலுள்ள அளவுகோல்

இப்போது மறுபடி மாவடிப்பள்ளிக்கு வருவோம். அந்தத் தேநீர்க் கடைச் சிறுவனிடம் நம் இளைஞர் கேட்ட கேள்விக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பயனில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில், கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டார்கள். 2019 ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் நிகழ்ந்ததை நாம் மறக்க முடியுமா? ஐந்து நாட்களுக்குப் பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டினுள் குண்டுகள் வெடித்தன. மாவடிப்பள்ளிக்கு அது கூப்பிடு தூரம்.

அந்த நாட்களுக்குப் பின் நம் வீடுகளில் அச்சம் குடிபுகுந்தது. முஸ்லிம் கடையில் வாங்கத் தயங்கினோம். கூடப் படித்த தோழியின் முகத்திரையைப் பார்த்து மிரண்டோம். அந்த அச்சத்தை நான் பழிக்கவில்லை. பிள்ளைகளைப் புதைத்த மக்கள் நாம். ஆனால் சிலர் செய்த கொடுமைக்காக ஒரு சமூகத்தையே நாள்தோறும் சோதனைக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. புலிகள் செய்ததற்கெல்லாம் தமிழர் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும் என்று சாவடிகளில் நம்மை நிறுத்திக் கேட்டபோது, அதை நீதி என்றா சொன்னோம்?

2024 நவம்பர் 26 ஆம் நாள் பெருவெள்ளம். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியை மூடிப் பாய்ந்த நீரில், மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டு போயிற்று. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் மாண்டார்கள். உடல்களைத் தேடி நாட்கணக்கில் மக்கள் கரையில் நின்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நம் தாய்மாருள் எவராவது, “அந்தப் பிள்ளைகள் எந்த அணிக்குக் கை தட்டினார்கள்?” என்று கேட்டிருப்பாரா? கேட்கத் தோன்றுமா? நெஞ்சு பதறியிருக்கும், தன் பிள்ளையை அருகே இழுத்து அணைத்திருப்பார். அந்தப் பதற்றத்தில் நாம் யாரென்று நமக்கே விளங்குகிறது. சாவில் தம்மவராகத் தெரிகிற பிள்ளைகளை வாழும்போது அந்நியராக ஏன் நடத்த வேண்டும்?

பெற்றோரே, இனி ஒரு நாள் உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆட்டம் நடக்கும். உங்கள் பிள்ளைகள் அவர்கள் விரும்பிய அணிக்குக் கை தட்டட்டும். அதற்கு அவர்களைக் கடியாதீர்கள். ஆனால் அயல் வீட்டுப் பிள்ளை வேறு அணிக்குக் கை தட்டும்போது அவனைக் கேலி செய்ய விடாதீர்கள். “அவங்கட ஆக்கள் அப்படித்தான்” என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து பிள்ளைகள் கேட்க வேண்டாம். முடிந்தால் அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார்த்தி வையுங்கள். ஒரே பாயில் இரண்டு அணிக்கும் கை தட்டிப் பழகட்டும்.

அன்று தேநீர்க் கடையிலிருந்து எழும்பும்போது நம் இளைஞர் கடைக்காரரிடம் காசைக் கொடுத்து விட்டுச் சற்றுத் தயங்கி நின்றார். பிறகு பையனைப் பார்த்து, “தம்பி, நீ துடுப்பெடுத்து ஆடுவியா, பந்து போடுவியா?” என்று கேட்டார். பையனின் முகம் விரிந்தது. “பந்து போடுவன் அண்ணன். சுழல் பந்து” என்றான்.

அவனிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.